தாத்தா தவறிய வீட்டில் ‘கோகோ’ படம் போடலாமா?

கல்மண்டபம்காரி

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் லீவுக்கு நாத்தனார் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வருகிறது. மாமனார் ஐப்பசியில் தவறிவிட்டதால் இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை கிடையாது. வெளியே எங்கும் போவதாக இல்லை, வீட்டோடு உட்கார்ந்து ஒரு படம் பார்க்கலாம் என்று பேச்சு. நாத்தனாரின் பெரியவள் (13 வயது) ‘கோகோ’ போடலாம் என்கிறாள். 2017இல் வந்த பிக்ஸார் அனிமேஷன் படம். பாட்டும் மாயாஜாலமும் கலந்த குடும்பப் படம் என்றுதான் எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள்.

கதையைப் படித்த பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. பாதிக்கு மேல் இறந்தவர்களின் உலகத்தில் நடக்கிறதாம். என் மகனுக்கு 9 வயது, நாத்தனாரின் சின்னவளுக்கு 5. அத்தையும் கூட உட்காருவார்கள். மாமனாருக்கு நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி, ஸ்டூடியோவில் கோட்டு மாட்டி, பின்னால் நீலக்கலர் போட்டுக் கொடுத்தார்கள். மாலை போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். என் மகன் அதைப் பார்த்தால் “இது தாத்தா இல்ல” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். அழவும் இல்லை, அவரைப் பற்றிப் பேசவும் இல்லை. இந்த நேரத்தில் இந்தப் படம் சரியா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ

தாராளமாகப் போடுங்கள் சகோதரி. அமெரிக்காவில் பி.ஜி. சான்றிதழ் வாங்கிய படம். ஆபாசம் கிடையாது, ரத்தம் கிடையாது. எலும்புக்கூடுகள் என்றதும் பேய்ப்படம் என்று நினைக்காதீர்கள். அதற்கெல்லாம் கண், புருவம், தொப்பி, பூப்போட்ட பாவாடை என்று வைத்துப் பொம்மை மாதிரிதான் செய்திருக்கிறார்கள். என் பெண் ஒன்றாம் வகுப்புக்கு முன்பே பார்த்துவிட்டாள். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்த நாய் வந்தாலே விழுந்து விழுந்து சிரிப்பாள். பெரிய ஹீரோ படத்துக்கு நாம்தான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கே பார்க்காத வெட்டுக்குத்தா இங்கே இருக்கப்போகிறது?

வியாசர்பாடி டீச்சர்

லோகோ அண்ணா, சான்றிதழைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. பி.ஜி. என்றாலே “பெற்றவர்கள் பார்த்து முடிவு செய்யுங்கள்” என்றுதான் பொருள். முடிவை அவர்கள் நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நம் ஊரிலும் அப்படித்தான். ஓடிடிக்கு 2021 விதிகளில் 7+, 13+, 16+ என்று வயதுப் பிரிவு வந்தது. தியேட்டர் படங்களுக்கும் 2024 விதிகளில் யு/ஏ சான்றிதழை அதே மூன்றாகப் பிரித்தார்கள். முன்பு 12 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் ஒரே யு/ஏ என்று இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் அந்த எண் வயதைத்தான் பார்க்கும். வீட்டில் போன மாதம் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

ஒன்று பாருங்கள். 1994இல் வந்த ‘லயன் கிங்’கில் அப்பா சிங்கம் சாவதையும், குட்டி அதன் உடம்புக்கு அடியில் நுழைந்து படுத்துக்கொள்வதையும் நேராகக் காட்டுவார்கள். அதற்கு அமெரிக்காவில் எல்லோரும் பார்க்கலாம் என்கிற ஜி. 2013இல் வந்த ‘ஃப்ரோஸன்’ படத்தில் அப்பா அம்மா போன கப்பலை ஓர் அலை மூடும், சில நொடிதான், அவ்வளவே. அதற்கு பி.ஜி. இந்த எழுத்துகளை வைத்து நம் பிள்ளைக்கு எது வலிக்கும் என்று கண்டுபிடிக்க முடியாது.

நான் மாலை வகுப்புப் பிள்ளைகளோடு ‘கோகோ’ பார்த்திருக்கிறேன். கல்மண்டபம் அக்காவுக்காகக் கதையை முழுசாக உடைத்தே சொல்கிறேன். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்த இழையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

மிகெல் என்கிற 12 வயதுப் பையன். மெக்சிகோவில் செருப்புத் தைக்கிற குடும்பம். அவன் எள்ளுத்தாத்தா பாட்டுப் பாடப் போகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவே இல்லை. சின்னப் பெண் குழந்தையோடு நின்ற எள்ளுப்பாட்டி இமெல்டா அன்றைக்கே வீட்டில் பாட்டைத் தடை செய்துவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். பையனுக்கோ பாட்டுப் பைத்தியம். இறந்தோர் நாளில், செத்துப்போன ஒரு பெரிய பாடகரின் கல்லறையிலிருந்து கிட்டாரை எடுக்கிறான். அந்தப் பாவத்தில் உயிரோடு அந்த உலகத்துக்குப் போய்விடுகிறான். விடிவதற்குள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஆசி கொடுத்தால்தான் திரும்ப முடியும்.

5 வயதுக்குக் கஷ்டமான இடங்கள் எலும்புக்கூடுகள் அல்ல. நேரம் ஆக ஆக மிகெலின் விரல்கள் சதை மறைந்து எலும்பாகத் தெரிய ஆரம்பிக்கும். என் வகுப்பில் ஒரு குழந்தை தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து, அவன் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பாடகர் அவனை ஆழமான பள்ளத்தில் தள்ளச் சொல்லுவார். சிறகு வைத்த பெரிய சிறுத்தை ஒன்று இருட்டில் பாய்ந்து வரும். இவையெல்லாம் மடியில் உட்கார வைத்துக்கொண்டால் கடந்துபோகும். 9 வயதுக்குக் கஷ்டமானது வேறு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை டோலக்

அக்கா, நம்ம ஏரியாப் பிள்ளைகள் சாவைப் பார்த்துப் பயப்படுவார்களா? தெருவில் ஒரு சாவு என்றால் ராத்திரி முழுக்க ஷாமியானா போட்டுக் கானா பாடுகிறோம். இறந்தவர் பேரைச் சொல்லி, அவர் பொண்டாட்டி பிள்ளை பேரைச் சொல்லி, அவர் வேலை பார்த்த இடத்தைச் சொல்லி, அவர் ஆயுசையே பாட்டாகக் கட்டுவோம். டோலக் அடிக்கிறவன் பக்கத்தில் சின்னப் பசங்கள்தான் கும்பலாக உட்கார்ந்திருப்பார்கள். காலையில் ஊர்வலத்தில் பூ வாரி இறைக்கிறதும் அவர்கள்தான். மாசியில் மயானக் கொள்ளைக்கு வேஷம் கட்டி வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அனிமேஷன் எலும்புக்கூடு எம்மாத்திரம்?

எனக்கு அந்தப் படத்தில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. ஏழைப் பிணங்கள் குடிசை போட்டு இருக்கிற பகுதியில் ஒரு கிழவர் படுத்திருப்பார். அவரை நினைக்க உலகத்தில் யாரும் மிச்சமில்லை. கடைசியாக ஒரு பாட்டுக் கேட்பார். அந்த உலகத்தில் மிகெலுக்குத் துணையாக வருகிற எக்தோர் பாடுவான். கொஞ்சம் பச்சையான பாட்டு. மிகெல் பக்கத்தில் இருக்கிறதால் ஒரு வார்த்தையை மாற்றிப் பாடிவிடுவான். கிழவர் சாகிற நேரத்திலும் “அங்கே அது வார்த்தை இல்லையே” என்று கேட்பார், இவன் பிள்ளை இருக்கிறது என்பான். எங்கள் தெருவில் பாடுகிற அண்ணன்களும் இதையேதான் செய்வார்கள். குழந்தை வந்து உட்கார்ந்துவிட்டால் வரி மாறிவிடும். குடும்பப் படம் எப்படி எடுக்க வேண்டும் என்று அந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது. பாட்டையும் நிறுத்தவில்லை, பிள்ளையையும் வெளியே அனுப்பவில்லை.

வியாசர்பாடி டீச்சர்

தம்பி, அந்தக் காட்சியைப் பற்றி நீங்கள் சொன்னது அருமை. ஆனால் நம் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். ஊர்வலத்தில் பூ இறைக்கிற குழந்தை அப்பா தோளில் இருக்கும். போகிறவர் பக்கத்து வீட்டுத் தாத்தாவாக இருப்பார். தன் வீட்டுத் தாத்தா போன பிறகு அதே மேளம் அந்தக் குழந்தைக்கு வேறு மாதிரி கேட்கும். அக்காவின் மகன் பேசாமல் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறார்களே, நான் அதைத்தான் யோசிக்கிறேன்.

9 வயதுக்குக் கஷ்டமானது என்று சொன்னேன் அல்லவா. அந்த உலகத்தில் இரண்டு சட்டம். வீட்டில் படையல் மேடையில் போட்டோ வைத்திருந்தால்தான் இறந்தவர் வருஷத்துக்கு ஒருநாள் பாலம் தாண்டி வீட்டுக்கு வர முடியும். எல்லையில் அதிகாரி நின்றுகொண்டு முகத்தைப் போட்டோவோடு ஒத்துப் பார்த்துத்தான் விடுவார். போட்டோ இல்லாதவருக்கு அந்தப் பூப்பாலத்தில் கால் புதைந்துவிடும். இரண்டாவது, உயிரோடு இருப்பவர்களில் ஒருவருக்குக்கூட அவர் நினைவு இல்லை என்றால் அங்கேயும் மறைந்துபோவார். அதற்கப்புறம் எங்கே போவார் என்று யாருக்கும் தெரியாது. படத்தின் மொத்தக் கண்ணீரும் இந்த இரண்டு சட்டத்திலிருந்துதான் வருகிறது. தாத்தா போட்டோவைத் தாத்தாவாக ஒத்துக்கொள்ளாத பையன் இதைப் பார்த்தால் மனதுக்குள் என்ன கணக்குப் போடுவான் என்று யோசியுங்கள்.

கொருக்குப்பேட்டை அம்மா

டீச்சர் சொன்னது எங்கள் வீட்டில் நடந்தே விட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கீழ் வீட்டில் தண்ணீர் ஏறி, டிரங்குப் பெட்டியில் இருந்த ஆல்பம் எல்லாம் ஒட்டிக்கொண்டது. பிரித்தால் முகம் மேல்தாளோடு வந்துவிட்டது. எங்கள் ஆயாவுக்கு இருந்த ஒரே போட்டோ அதில்தான் போனது. அப்புறம் ஒருநாள் டிவியில் இந்தப் படம் பார்த்தோம். பாதிப் படத்தில் என் மகள் எழுந்து வந்து “அப்போ நம்ம ஆயா வர முடியாதாம்மா?” என்று கேட்டாள். அவள் ஆயாவைப் பார்த்ததுகூடக் கிடையாது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவள் அப்பாதான் ரிமோட்டில் நிறுத்திவிட்டு, ஆயா மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு காசிமேட்டிலிருந்து எப்படிக் கூவிக்கொண்டு வருவார் என்று நடித்தே காட்டினார். பிறகுதான் மீதியைப் பார்த்தோம்.

பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வி வரும், அதற்கு ஆள் தயாராக இருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் சமையற்கட்டில் இருக்கக் கூடாது.

பெரியமேடு தோல்கடை

எனக்கு 60 தாண்டிவிட்டது, பேரப் பிள்ளைகளோடு பார்த்தேன். சின்னப் பிள்ளைகளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். குடும்பப் படம் என்றால் பெரியவர்களும் கூச்சப்படாமல், குத்தப்படாமல் உட்கார வேண்டும். இந்தப் படத்தில் முதல் அரை மணி நேரம் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. செருப்புத் தைக்கிற குடும்பம் என்றால் பையனின் கனவுக்குக் குறுக்கே நிற்பவர்கள், பாட்டி கிட்டாரைப் போட்டு உடைப்பவர், கையில் எப்போதும் செருப்பு. தொழில் செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் கெட்டவர்கள், ஓடிப்போய்ப் பாடுகிறவன் நல்லவனா என்று கோபம் வந்தது. நான் இதே தொழிலில் இருப்பவன்.

ஆனால் இமெல்டாவை அவர்கள் கைவிடவில்லை. புருஷன் விட்டுப்போனதும் அந்த அம்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. தோலை வெட்டக் கற்று, மகளுக்குக் கற்றுக்கொடுத்து, மருமகனையும் பட்டறையில் உட்கார வைத்து ஒரு குடும்பத்தையே நிறுத்தினார். அவர் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது என்று படமே சொல்கிறது. அப்புறம், எக்தோர்தான் அந்த எள்ளுத்தாத்தா, அந்தப் பாடகர் அவன் நண்பர். வீட்டுக்குத் திரும்பிப் போகிறேன் என்று சொன்னதற்காக எக்தோருக்கு விஷம் வைத்து அவன் பாட்டுகளைத் தன் பாட்டாக்கிக்கொண்டவர் என்று தெரிகிறபோது, ஓடிப்போனதாக நினைத்தவன் வீட்டுக்கு வரத்தான் கிளம்பியிருக்கிறான் என்று புரிகிறது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் ஒப்பவில்லை. பையன் பெரியவர்கள் பேச்சை மீறி ஓடியதற்கு அவன் வாயால் ஒரு வார்த்தை வருந்தியதாக வலுவாகக் காட்டவில்லை. என் பேரன் அதைப் பிடித்துக்கொண்டான்.

வியாசர்பாடி டீச்சர்

ஐயா, நீங்கள் சொன்ன கோணம் முக்கியம். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பள்ளத்தில் கிடக்கும்போது, குடும்பத்துப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவன் உடைந்து அழுவான். அதோடு, ஆசி கொடுக்கிற விஷயத்தைக் கவனியுங்கள். முதலில் இமெல்டா “பாட்டை விட்டுவிட வேண்டும்” என்ற நிபந்தனையோடு கொடுப்பார், பையன் முறித்துவிடுவான். விடிகிற நேரத்தில் அவன் பாட்டையே விட்டுவிடத் தயாராக நிற்கும்போது, அவர் எந்த நிபந்தனையும் போடாமல் கொடுத்து அனுப்புவார். இரண்டு பக்கமும் ஒரு அடி இறங்கி வந்துதான் முடிகிறது. வகுப்பில் 13 வயதுப் பெண்கள் இதைத்தான் அதிக நேரம் பேசினார்கள். அதனால் பெரியவளுக்கு இந்தப் படம் சரியாகப் பொருந்தும்.

தண்டையார்பேட்டை டோலக்

பாட்டுப் படத்துக்குப் பாட்டைப் பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது? வசனம் மறந்துபோகும், பாட்டு வீட்டில் ஒரு மாசம் ஓடும். இந்தப் படத்தில் முக்கியமான பாட்டு ஒன்றுதான், ‘ரிமெம்பர் மீ’. ‘ஃப்ரோஸன்’ படத்தின் ‘லெட் இட் கோ’வை எழுதிய அதே தம்பதிதான் இதையும் எழுதினார்கள், ஆஸ்கரும் கிடைத்தது. முதலில் அந்தப் பாடகர் மேடையில் ஆட்டக்காரிகளோடு பளபளவென்று பாடுவார், கண்ணடித்துக்கொண்டு, கூட்டத்துக்காக. அதே பாட்டை எக்தோர் பாடும்போது பார்த்தால் அது மகளுக்காகக் கட்டின தாலாட்டு. வேகத்தைக் குறைத்து, குரலைத் தாழ்த்தி, ஒரு கிட்டாரோடு. மெட்டு ஒன்றுதான், நமக்கு முதலில் கேட்டது பிடிக்காமலே போய்விடும். பாட்டு யாருக்காகப் பாடப்படுகிறது என்று ஒரு குழந்தைக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அக்கா, அந்தப் பையனிடம் தாத்தா பாடுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

காசிமேட்டுக்காரன்

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குக் காசிமேடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். காலையிலேயே வாளி, துடைப்பத்தோடு போய்க் கல்லறையைக் கழுவி, சாமந்தி போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். மெக்சிகோக்காரர்களின் இறந்தோர் நாளும் நவம்பர் 1, 2 தேதிகளில்தான் வருகிறது, அங்கேயும் சாமந்தி வகைப் பூதான். அதனால் என் பிள்ளைகளுக்குப் படத்தின் முதல் காட்சியே பழகின இடம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு வந்தது. இறந்தவர்களை நாம் மறந்தாலும் கடவுள் மறப்பதில்லை என்றுதான் எங்கள் நம்பிக்கை. படம் அதற்கு மாறாகச் சொல்கிறதே என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். இது ஒரு ஊர்க்காரர்கள் கட்டின கதை, நம் ஜெபத்துக்குப் பதிலாக வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் பார்த்தோம். கல்மண்டபம் சகோதரி வீட்டிலும் காக்கைக்குச் சோறு வைப்பீர்கள், அமாவாசைக்குப் படைப்பீர்கள். உங்கள் வழக்கத்தில் தாத்தா எங்கே இருக்கிறார் என்று படத்துக்கு முன்பே பையனிடம் அத்தை வாயால் சொல்ல வையுங்கள்.

பெரம்பூர் லோகோ

டீச்சரும் கொருக்குப்பேட்டை அம்மாவும் எழுதியதைப் படித்த பிறகு என் மனைவியிடம் பேசினேன். எங்கள் வீட்டில் அப்போது துக்கம் எதுவும் இல்லை, அதனால் அது எங்களுக்கு வெறும் ஜாலியான படம். ஆனாலும் ஒன்று சொல்வேன். பையன் பேசாமல் இருக்கிறான் என்பதற்காகச் சாவு வருகிற எல்லாவற்றையும் மூடி வைத்தால் அவன் இன்னும் இறுகிப்போவான். படம் அழ வைக்கும்தான். அழட்டுமே.

கல்மண்டபம்காரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அத்தையிடம் கதையை அப்படியே சொன்னேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, “அந்தக் கிழவி கடைசியில என்னாவுறா?” எக்தோரின் மகளான, மறதி வந்த கோகோ பாட்டியைத்தான் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

டோலக் தம்பி சொன்னபடி மகனிடமும் கேட்டேன். தாத்தா பாட மாட்டாராம், ஹார்பரிலிருந்து வந்ததும் சைக்கிள் மணியை மூன்று தடவை அடிப்பாராம். ஐப்பசிக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது. நாத்தனார் கல்யாண வீடியோவில் மாமனார் பந்தியில் சாம்பார் வாளியோடு சிரிக்கிற இடம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு போட்டோ எடுக்கக் கொடுத்திருக்கிறோம். படத்தைக் காட்டலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. சின்னவளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. எல்லோரும் பார்க்கும்போது அவளை மட்டும் எழுப்பிக்கொண்டு போனால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள்.

வியாசர்பாடி டீச்சர்

அக்கா, அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மிகெல் திரும்பி வந்து அந்தத் தாலாட்டைப் பாடியதும் கோகோ பாட்டிக்கு அப்பா நினைவு வரும், கூடவே பாடுவார், போட்டோவிலிருந்து கிழிக்கப்பட்டு, தான் ஒளித்து வைத்திருந்த அப்பாவின் முகத்தை எடுத்துக் கொடுப்பார். அடுத்த காட்சி ஒரு வருஷம் கழித்து. அப்போது படையல் மேடையில் பாட்டியின் போட்டோவும் இருக்கும். அவர் இறந்ததைக் காட்ட மாட்டார்கள், போட்டோவை வைத்துத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு அந்த உலகத்தில் அப்பாவும் அம்மாவும் அவரை அணைத்துக்கொள்வார்கள். முன்பே தெரிந்தால் அத்தைக்கு அது ஆறுதலாகத்தான் இருக்கும், திடீரென்று வந்தால் தாங்குவது கஷ்டம்.

படம் 105 நிமிடம். சாயங்காலம் ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். பாடகரின் மாளிகை விருந்தில் மிகெல் பாடிக்கொண்டே நீச்சல் குளத்தில் விழுவான், அவர் குதித்துத் தூக்குவார். பிறகு இருவரும் கைகோத்து விருந்தாளிகளிடையே சுற்றுவார்கள். அங்கே நிறுத்தி இடைவேளை விட்டுவிடுங்கள். விஷம், பள்ளம் எல்லாம் அதற்கப்புறம்தான். சின்னவளுக்கு அதுவரை நாய், பாட்டு, பூப்பாலம் எல்லாம் கிடைத்துவிடும். அவளுக்குச் சோறு ஊட்டித் தூங்க வையுங்கள், படம் முடிந்தது என்றே நினைப்பாள். மீதியை மற்றவர்கள் பாருங்கள். பையன் நடுவில் ஏதாவது கேட்டால் உடனே நிறுத்துங்கள், படம் எங்கேயும் போகாது.

கொருக்குப்பேட்டை அம்மா

ரிமோட் யார் கையில் இருக்க வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். 13 வயதுக்காரியிடம் கொடுத்தால் நிறுத்தவே விடமாட்டாள்.